உதிரி பாகக் கொள்ளையும் ஓட்டும் பழக்க உபதேசமும்

“கிளட்சின் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே! திடீர் பிரேக் போடாதே! டயரில் காற்றைச் சரியாக வை! செலவு தானே குறையும்!”

கார்க் கம்பெனிகள் நமக்குச் செய்யும் உபதேசம் இது. பத்திரிகைகளின் கார்ப் பக்கங்களும் இதையே பாராயணம் செய்கின்றன. சர்வீஸ் கூடத்தில் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குப் பில்லை நீட்டுகிறார் ஆலோசகர். “என்ன சார், இவ்வளவு?” என்று கேட்டால் அவரும் அதே மந்திரத்தைத்தான் ஓதுகிறார்: “நீங்கள் ஓட்டுகிற விதம் அப்படி!”

ஆக, செலவு ஏறியதற்குக் குற்றவாளி யார்? ஓட்டுகிறவன். காரைச் செய்து விற்றவனா? ஐயோ பாவம், அவன் தர்மப் பிரபு! பாகத்துக்கு விலை வைத்தவனா? அவன் பேச்சையே எடுக்கக் கூடாது!

இந்தப் பித்தலாட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

நமக்கு ஏது கார், இந்தக் கதை நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்த நாட்டில் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. சேற்றில் நாற்று நடுகிறவளும் மில்லில் ரிங் ஃபிரேம் பார்க்கிறவனும் அந்த எட்டில் இல்லை. ஆனால் அந்தக் கார்களை வாடகைக்கு ஓட்டுவது யார்? ரிப்பேர் செய்வது யார்? அவற்றின் பாகங்களை அம்பத்தூரிலும் ஓசூரிலும் ஒரகடத்திலும் வார்ப்பதும் கடைவதும் யார்? நம் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா?

2020 மார்ச்சில் ஊரடங்கோடு நின்ற தேசியப் பஞ்சாலைக் கழக மில்கள் மறுபடி சங்கு ஊதாமலே ஆண்டுகள் உருண்டன. மில் நின்றால் தொழிலாளி குடும்பம் என்ன செய்யும்? மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து, மீதிக்குக் கடன் வாங்கி, மகனுக்கு ஒரு வாடகைக் கார் எடுத்துக் கொடுக்கிறது. மஞ்சள் போர்டு மாட்டிய அந்தக் கார் சொகுசுக்கு வாங்கியதல்ல. அது அந்தக் குடும்பத்தின் தறி, அந்தக் குடும்பத்தின் ஏர்.

கணக்கைப் பார்ப்போம்

ஆறு லட்சம் கடன், நூற்றுக்குப் பத்து வட்டி, ஐந்து வருஷத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் சுமார் 12,750 ரூபாய். சக்கரம் ஒரு சுற்று உருளுவதற்கு முன்பே கட்ட வேண்டிய தொகை இது. ஐந்து வருஷம் முடியும்போது வட்டி மட்டும் ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரத்தைத் தொடுகிறது.

நாளைக்கு 200 கிலோமீட்டர், வருஷத்தில் 300 நாள். அறுபதாயிரம் கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 4,000 லிட்டர் பெட்ரோல். 2025-ல் சென்னையில் லிட்டர் விலை 100 ரூபாய்க்கு மேல்தான் நின்றது. ஆக, வருஷத்துக்கு நாலு லட்சம் ரூபாய் புகையாய்ப் போகிறது. அதில் சர்க்காரின் கை எவ்வளவு நீளம் என்பது தனிக் கதை. 2020-ல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் தரைமட்டத்துக்கு விழுந்தபோது, மத்திய சர்க்கார் அந்த லாபத்தை ஜனங்களுக்குக் கொடுத்ததா? மே மாதம் லிட்டருக்குப் பத்து ரூபாய் கலால் வரியை ஏற்றி 32 ரூபாய் 98 காசாக்கியது! பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்துவிட்டு, வள்ளல் பட்டம் சூட்டிக்கொண்டது.

இதற்கு மேல் இன்ஷ்யூரன்ஸ், பெர்மிட், வரி, எஃப்.சி. அதற்கும் மேல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் வருஷத்துக்கு ஆறு சர்வீஸ். சொந்தக்கார் வைத்திருக்கும் பாங்க் குமாஸ்தாவோ பள்ளி ஆசிரியரோ வருஷத்துக்கு ஒருமுறை விடுகிற சர்வீஸ் இது. வாடகைக் கார் டிரைவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற காய்ச்சல்.

இப்போது உபதேசத்துக்கு வருவோம். அதில் உண்மையே இல்லையா? இருக்கிறது. கிளட்ச் பெடலில் காலை ஓய்வெடுக்க வைத்தால் தட்டு தேயும், பேரிங் போகும். காற்றுக் குறைந்த டயர் ஓரம் தேய்ந்து, பெட்ரோலையும் கூடக் குடிக்கும். சிக்னலில் சிவப்பு விளக்கு தெரிந்த பிறகும் ஆக்ஸிலேட்டரை மிதித்து, கிட்டப் போய் பிரேக்கை அழுத்துகிறவன் பணத்தைத்தான் மிதிக்கிறான். நிதானமாக ஓட்டி நூற்றுக்கு ஐந்து மிச்சம் பிடித்தால் மேற்சொன்ன கணக்கில் வருஷத்துக்கு 200 லிட்டர், இருபதாயிரம் ரூபாய் கையில் நிற்கும். சின்னத் தொகையல்ல. டிரைவர் தோழர்கள் வாரம் ஒருமுறை, டயர் சூடேறும் முன்பு, காற்றைப் பார்க்கத்தான் வேண்டும். இதைச் சொல்ல கார்க் கம்பெனி வேண்டியதில்லை. எந்தப் பழைய லாரி டிரைவரும் சொல்லுவார்.

ஆனால் அவசரமாக ஓட்டச் சொல்லுவது யார்? செல்போனில் வாடகை பிடித்துக் கொடுக்கும் கம்பெனி, “நாலு நிமிஷத்தில் வண்டி வரும்” என்று பயணியிடம் சத்தியம் செய்கிறது. அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டியது டிரைவரின் வலது கால்! அப்புறம் அதே கம்பெனி, ஓட்டியது சரியில்லை என்று நட்சத்திரத்தைக் குறைக்கிறது. கிளட்ச் போனால் சம்பளத்தில் பிடிக்கிற டிராவல்ஸ் முதலாளிகளும் உண்டு.

போகட்டும். டிரைவர் பரம சாதுவாகவே ஓட்டட்டும். முனிவராகவே மாறட்டும். பிரேக் பேட் ஒருநாள் தேயத்தானே செய்யும்? எந்தப் பழக்கத்தால் ஒரு பாகத்தின் விலையைக் குறைக்க முடியும்?

பூட்டி வைத்த சந்தை

இங்கேதான் கார்ப் பக்கங்கள் வாயை மூடிக்கொள்கின்றன.

2011-ல் ஒரு தனி மனிதர் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒரு புகார் கொடுத்தார். சில கார்க் கம்பெனிகள் தங்கள் உதிரி பாகங்களை வெளிச் சந்தையில் விற்பதில்லை, தங்கள் டீலர்களைத் தவிர யாருக்கும் கொடுப்பதில்லை, ஆகவே காரை வாங்கியவன் அவர்களிடமே போய் அவர்கள் சொன்ன விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது புகார். ஆணையம் விசாரித்தது. மூன்று கம்பெனிகள் மேல் தொடங்கிய விசாரணை பதினேழு கம்பெனிகளுக்கு விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25-ல் உத்தரவு வந்தது. பதினாலு கம்பெனிகள் குற்றவாளிகள்! அபராதம் 2,544 கோடி ரூபாய்!

பெயர்களைக் கேளுங்கள்: மாருதி, டாடா, மஹிந்திரா, ஹோண்டா, டொயோட்டா, ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், நிஸ்ஸான், ஸ்கோடா, வோக்ஸ்வாகன், ஃபியட், பென்ஸ், பி.எம்.டபிள்யூ., இந்துஸ்தான் மோட்டார்ஸ். சுதேசி என்ன, விதேசி என்ன? எல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட கூட்டம். நம் ஊர் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய்க்கு 2015-ல் தனியாக 420 கோடி அபராதம்.

விசாரணையில் வெளிவந்தது என்ன? பாகங்களின் விலையில் வைத்த கூடுதல் சாதாரணமாகவே நூற்றுக்கு நூறுக்கு மேல். சிலவற்றில் ஏறத்தாழ ஐயாயிரம் சதவிகிதம்! புரியும்படி சொல்வதானால், நூறு ரூபாய் அடக்கமான பொருளுக்கு ஐயாயிரத்து நூறு ரூபாய். சந்தையில் கீரை விற்கும் கிழவி ஒரு கட்டுக்கு இரண்டு ரூபாய் ஏற்றிச் சொன்னால் பேரம் பேசுகிற நாடு இது. இந்தப் பில்லை மட்டும் மறு பேச்சில்லாமல் கார்டு தேய்த்துக் கட்டுகிறோம்.

பாகத்தைச் செய்வது பெரும்பாலும் கார்க் கம்பெனியே அல்ல. செய்வது வேறு ஒரு தொழிற்சாலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு காண்டிராக்ட் தொழிலாளி மெஷினில் நின்று செய்கிற பாகம்தான் கம்பெனியின் டப்பாவுக்குள் போகிறது. அதே பாகத்தை அந்தத் தொழிற்சாலை தன் பெயரில் நேராகக் கடைக்கு விற்கலாம் அல்லவா? விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டுக் கையைக் கட்டியிருந்தார்கள் கார் முதலாளிகள். டப்பா மாறியதும் விலை ஏறுகிறது. செய்த தொழிலாளியின் கூலியில் அந்த ஏற்றத்தில் ஒரு காசாவது சேருகிறதா? தொழிலாளியிடம் கூலியில் பிடித்த லாபம் போதாதென்று, அதே தொழிலாளியின் தம்பி ஓட்டும் வாடகைக் காரிடமும் ஒருமுறை பிடிக்கிறார்கள்.

ஆணையம் அபராதத்தோடு நிற்கவில்லை. பாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்கச் செய், தனியார் மெக்கானிக்குகளுக்குத் தடை போடாதே, வெளியில் ரிப்பேர் செய்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்துச் செய்யாதே என்றெல்லாம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. கம்பெனிகள் என்ன செய்தன? கோர்ட்டுக்கு ஓடின. சட்டமே செல்லாது என்றுகூட வழக்காடின. டொயோட்டா, ஃபோர்டு, நிஸ்ஸான் ஆகிய மூன்றின் அப்பீலில் 2016 டிசம்பரில் தீர்ப்பாயம், செய்தது தவறுதான் என்பதை ஏற்றது. ஆனால் அபராதத்தை மொத்த வியாபாரத்தின் மேல் கணக்கிடாமல், உதிரி பாக வியாபாரத்தின் மேல் மட்டும் கணக்கிடச் சொல்லிச் சுருக்கியது. ஏழை ஒரு மாதத் தவணை தவறினால் வண்டியை நடுரோட்டில் பிடுங்கிக்கொண்டு போகிறான் ஃபைனான்ஸ்காரன். பெரிய இடத்துத் தவணைக்கு மட்டும் அப்பீல், ஸ்டே, வாய்தா!

வேப்பமரத்தடி மெக்கானிக்

ஊருக்கு ஊர் ஒரு வேப்பமரமும் அதன் கீழ் ஒரு மெக்கானிக்கும் இருந்த காலம் உண்டு. அம்பாசடர் ஓடிய காலம். பெட்ரோல் டாங்கில் ஓட்டை விழுந்தால் சோப்புக் கட்டியை வைத்து அடைத்து, கல்யாணக் கோஷ்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். அந்தக் காரைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அடிக்கடி நிற்கிற வண்டி அது. வாங்க வருஷக்கணக்கில் காத்திருக்க வைத்த வண்டி. ஆனால் நின்ற இடத்தில் திறந்து பார்க்க முடிந்தது. தேய்ந்த ஒரு புஷ்ஷை மட்டும் கழற்றி வேறு புஷ் போட முடிந்தது. லேத் பட்டறையில் கடைந்து வாங்க முடிந்தது. 2014-ல் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. அந்தக் கார் போனதில் நமக்கு வருத்தமில்லை. திறந்து பார்க்கும் உரிமையும் கூடப் போயிற்றே, அதுதான் விஷயம்.

இன்றைக்கு என்ன நடக்கிறது? டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. எதற்கு எரிகிறது என்று தெரிய கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்க வேண்டும். அதன் முழு ரகசியமும் கம்பெனியின் சாஃப்ட்வேரில். முப்பது வருஷம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே வியாதி சொன்ன மெக்கானிக், விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு அறிவு குறைந்துவிட்டதா? இல்லை. அவர் கையில் சாவி இல்லை. சாவியை வைத்திருப்பவன், “அவனுக்கு ஒன்றும் தெரியாது” என்று விளம்பரம் செய்கிறான்!

ஒரு சின்ன புஷ் தேய்ந்தால் “லோயர் ஆர்ம் முழுசாக மாற்ற வேண்டும்” என்கிறார்கள். ஹெட்லைட்டின் ஒரு பிளாஸ்டிக் காது உடைந்தால் ஹெட்லைட் முழுசும் மாற்றம். ‘அசெம்பிளி’ என்பது இதற்கு அவர்கள் வைத்த பெயர். பல்லில் சொத்தை என்றால் தாடையையே மாற்றுகிற வைத்தியம் இது.

பில்லில் இன்னும் சில வரிகள் இருக்கும். இன்ஜின் டிரெஸ்ஸிங். ஏ.சி. கிருமி நாசினி. எலி வராமலிருக்க மருந்து. வண்டியை விடும்போது நீங்கள் கேட்டீர்களா? கேட்கவில்லை. ஆலோசகருக்கு மாதம் இவ்வளவு விற்றாக வேண்டும் என்று தலையில் கட்டியிருக்கிறார்கள். அவர் உங்கள் தலையில் கட்டுகிறார். அவரும் சம்பளக்காரர்தான், அவர்மேல் பாய்ந்து பயனில்லை. கடைசியில் ‘லேபர்’ என்று ஒரு பெருந்தொகை. அந்த லேபர் உள்ளே கிரீஸ் கையோடு குனிந்து நிற்கிறான். ஐ.டி.ஐ. முடித்துப் பயிற்சியாளன் என்ற பெயரில் வேலை செய்கிற பையன். அவன் பெயரைச் சொல்லி வாங்கிய பணத்தில் அவனுக்கு எவ்வளவு போயிற்று என்று பில்லில் ஏன் அச்சடிப்பதில்லை?

“வெளிச் சந்தையில் போலிப் பாகம் இருக்கிறதே, உயிருக்கு ஆபத்தாயிற்றே” என்று கம்பெனிக்காரன் நீலிக்கண்ணீர் வடிக்கிறான். போலி இருப்பது உண்மை. ஆனால் போலி ஏன் பிழைக்கிறது? அசலைப் பூட்டி வைத்து யானை விலை சொல்வதால்தான் பிழைக்கிறது. அசல் பாகம் நியாய விலையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் ஊர்க் கடைகளிலும் தாராளமாகக் கிடைத்தால் போலியை எவன் வாங்குவான்? புதுப்பேட்டையில் பழைய வண்டியின் பாகத்தைத் தேடி அலைகிற டிரைவர் ஆசைப்பட்டா அலைகிறார்?

உயிரைப் பற்றிப் பேசுவதானால் நன்றாகவே பேசலாம். பிரேக் பேட் தேய்ந்து கீச்சென்று சத்தம் கொடுக்கிறது. பேட் மாற்றப் போனால் டிஸ்க்கும் சேர்த்துப் பெரிய பில் வரும் என்று டிரைவருக்குத் தெரியும். இந்த மாதத் தவணை கட்டியாகட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஓட்டுகிறார். காருக்குள் இருப்பவருக்கு சீட் பெல்ட் இருக்கிறது, காற்றுப்பை இருக்கிறது. விடியற்காலையில் ஷிப்டு முடிந்து சைக்கிளில் வருகிறவனுக்கும், களை எடுக்கப் போகிற பெண்களுக்கும் என்ன இருக்கிறது? 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். இத்தனையும் தேய்ந்த பிரேக்கால் என்று சொல்லவில்லை. வேகமும் குடியும் ரோட்டின் லட்சணமும் இருக்கின்றன. ஆனால் பிரேக்கின் விலையை ஏற்றியவன் பாதுகாப்பைப் பற்றி நமக்குப் பாடம் நடத்த வேண்டாம். கார் இல்லாத நமக்கும் இதில் வழக்கு உண்டு என்பது இதனால்தான்.

விவசாயத் தோழர்களும் கவனிக்க வேண்டும். இதே பூட்டு டிராக்டருக்கும் வருகிறது. அமெரிக்காவில் ஜான் டீர் கம்பெனி, தன் மெஷின்களை விவசாயிகளோ உள்ளூர் மெக்கானிக்கோ முழுசாக ரிப்பேர் செய்ய விடாமல் சாஃப்ட்வேரைப் பூட்டி வைத்திருக்கிறது என்று, அந்த நாட்டு மத்திய வர்த்தகக் கமிஷனே 2025 ஜனவரியில் வழக்குப் போட்டது. நாளைக்குத் தஞ்சாவூர் வயலில் அறுவடை மெஷின் மஞ்சள் விளக்கு எரிந்து நின்றால், கம்பெனி ஆள் வரும் வரைக்கும் நெல் காத்திருக்குமா? மெஷினில் நாள் கூலிக்குப் போன பையனுக்கு அன்றைய கூலி யார் கொடுப்பார்?

முடியாத காரியம் ஒன்றுமில்லை. கார் முதலாளிகளின் தாயகமான அதே அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் ராஜ்யத்து ஜனங்கள் 2012-ல் ஓட்டுப் போட்டே, காரை யார் வேண்டுமானாலும் ரிப்பேர் செய்யத் தேவையான விவரங்களைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். 2014-ல் கம்பெனிகள் நாடு முழுவதற்கும் ஒப்பந்தம் போட்டன. இங்கே என்ன நடந்தது? 2022 ஜூலையில் மத்திய சர்க்கார் ‘ரிப்பேர் செய்யும் உரிமை’ என்று ஒரு கமிட்டி போட்டது. டிசம்பரில் ஒரு இணையதளத்தைத் திறந்து வைத்தது. கம்பெனிகளின் வாடிக்கை எண்களும் விவரங்களும் அதில் கிடைக்கும். சட்டம் எங்கே?

கார் ஓட்டும் தோழர்கள் இப்போதே செய்யக் கூடியவை சில உண்டு. வண்டியோடு வந்த புத்தகத்தில் எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்று அட்டவணை இருக்கிறது. சர்வீஸுக்கு விடும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாத வரியை எஸ்டிமேட்டிலேயே அடிக்கச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. உங்கள் பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்து, அந்தக் குறைவு உங்களிடம் வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். வெளியில் ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டினால், அதை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆனால் தனித்தனியாக ஒவ்வொருவரும் பில்லோடு மல்லுக்கட்டித் தீரும் வியாதியல்ல இது. வாடகைக் கார் டிரைவர்களும், பட்டறை மெக்கானிக்குகளும், பாகம் செய்யும் தொழிற்சாலைத் தொழிலாளிகளும் மூன்று தனித்தனிச் சங்கங்களாக மூன்று தனித்தனி மனுக்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே கம்பெனியிடம் மூன்று பேரும் ஏமாறுகிறார்கள். மனு மட்டும் மூன்று. ஒவ்வொரு பாகத்தின் விலைப் பட்டியலையும் தமிழில் சர்வீஸ் கூடத்தின் வாசலில் எழுதிப் போட வேண்டும். கம்பெனியின் சாஃப்ட்வேரும் கருவிகளும் நியாய விலையில் எந்த மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும். பாகம் செய்யும் தொழிற்சாலை நேராகக் கடைக்கு விற்கத் தடை கூடாது. சர்வீஸ் கூடத்துப் பயிற்சியாளனுக்கு அவன் பெயரில் வசூலிக்கும் ‘லேபரில்’ கணக்குக் காட்ட வேண்டும். இந்த நாலையும் ஒரே மனுவில் எழுதி, மூன்று சங்கமும் கையெழுத்துப் போட்டுக் கலெக்டர் ஆபீசுக்குப் போகலாம். மனுவோடு 2014-ம் வருஷத்து உத்தரவின் நகலையும் இணையுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிற எம்.பி.யிடமும் ஒரு நகலைக் கொடுத்து, இது எந்த அலமாரியில் தூங்குகிறது என்று கேளுங்கள்.